பள்ளி கேன்டீனைச் சத்தான கேன்டீனாக மாற்றுவது எப்படி: எதை முதலில், எதை அப்புறம்

என் மகள் படிக்கும் பள்ளியில் கேன்டீனை மாற்றும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். அதன் பிறகு, தெரிந்த பெற்றோர் கேட்டதால் இன்னும் இரண்டு பள்ளிகளில் கூட நின்று பார்த்தேன். மூன்று இடத்திலும் எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். முதல் நாளே ‘இதெல்லாம் இனி விற்கக் கூடாது’ என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பிள்ளைகள் வாசல் கடைக்குப் போனார்கள். கேன்டீனில் வியாபாரம் படுத்தது. இரண்டு வாரத்தில் பழைய பாக்கெட்டுகள் எல்லாம் திரும்ப வந்து கம்பியில் தொங்கின.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். மாற்றுப் பண்டம் விற்றுக் காட்டிய பிறகே பழைய பண்டம் போக வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக.

தனியார் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் கேன்டீனைப் பற்றித்தான் எழுதுகிறேன். சத்துணவு மையம் வேறு ஏற்பாடு. அதன் அளவுகளை மட்டும் ஓர் இடத்தில் எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தலைமை ஆசிரியரின் சம்மதம், எழுத்தில். வாய்மொழி அனுமதி அவர் மாறுதலாகிப் போனால் கூடவே போய்விடும்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து நான்கைந்து பேர். அதில் ஒருவராவது காலை இடைவேளை நேரத்தில் பள்ளிக்கு வரக்கூடியவராக இருக்க வேண்டும். மாலைக் கூட்டத்துக்கு மட்டும் வருகிறவர்களை வைத்து இந்த வேலை நடக்காது.

ஒரு சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, மூன்று மாதம். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்குவது நல்லது. தேர்வு நெருங்கும்போது தொடங்கினால் யாருக்கும் கவனம் இருக்காது.

1. ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

திங்கள் முதல் வெள்ளி வரை மூன்று விஷயம் குறியுங்கள். எது எத்தனை விற்றது, வரிசையில் நிற்க எவ்வளவு நேரம் ஆனது, குப்பைத் தொட்டியில் என்ன கிடந்தது.

தொட்டியைப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். எங்கள் பள்ளியில் மதிய உணவு முடிந்ததும் தொட்டியைப் பார்த்தபோது மேலே முழுக்க முருங்கைக்காய்த் துண்டுகள், மென்று துப்பாமல் முழுதாகவே கிடந்தன. பிள்ளைகளுக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்று எல்லோரும் சொன்னோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வரிசையில் நின்றது போக அவர்கள் சாப்பிடக் கிடைத்தது பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் முருங்கைக்காயைச் சப்பிச் சாப்பிட முடியாது. பூசணிக்காய் போட்ட நாளில் தொட்டியில் காயே இல்லை.

இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் பின்னால் ‘மாற்றியதால் வியாபாரம் போச்சு’ என்று பேச்சு வரும்போது உங்களிடம் இருக்கப்போகும் ஒரே கணக்கு இதுதான்.

2. கேன்டீன் நடத்துபவரோடு கணக்கு நோட்டை வைத்து உட்காருங்கள்

எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் சந்திப்பில் கேட்க மட்டும் செய்யுங்கள். மாத வாடகை எவ்வளவு, கேஸ் எத்தனை சிலிண்டர், எத்தனை ஆள் சம்பளம், எந்தப் பண்டத்தில் எவ்வளவு லாபம் நிற்கிறது.

எங்கள் கேன்டீனை நடத்தியவர் கணவரை இழந்த ஒரு அக்கா. முதல் நாள் அவர் கேட்டது: “எல்லாத்தையும் எடுத்துட்டா நான் எப்படி மேடம் வாடகை கட்டுறது?” இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. போகவும் கூடாது. அவர் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது.

பதில் கணக்கில் இருக்கிறது. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் விற்பவருக்கு நிற்பது ஒரு ரூபாய் சொச்சம். இருபத்தைந்து பாக்கெட் விற்றால் முப்பது ரூபாய்க்குப் பக்கம். ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், எண்பது கிராம் வீதம் 25 தொன்னை. தாளிப்புக்கும் மாங்காய்க்கும் 25, தொன்னைக்கு 38, கேஸுக்கு 15. ஆக மொத்தம் 168 ரூபாய். தொன்னை பத்து ரூபாய்க்கு எல்லாம் விற்றால் 82 ரூபாய் நிற்கும். ஐந்து தொன்னை மீந்து போனாலும் 32 ரூபாய் நிற்கும், அதாவது சிப்ஸுக்குச் சமம்.

இந்தக் கணக்கில் ஆள் கூலி சேரவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாக்கெட்டைத் தொங்கவிட்டால் போதும், சுண்டலுக்கு ஆள் நிற்க வேண்டும். அந்தக் கூடுதல் வேலைக்கு ஈடாக வாடகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பள்ளி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பு. நாங்கள் முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் கேட்டோம், கிடைத்தது.

3. விதி என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. கொழுப்போ உப்போ சர்க்கரையோ மிகுந்த உணவுகளைப் பள்ளி கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. விளம்பரப்படுத்தவும் கூடாது. கேன்டீன் நடத்துபவர் ஆணையத்தில் பதிவோ உரிமமோ வைத்திருக்க வேண்டும்.

இதைக் கையில் வைத்திருப்பது நிர்வாகத்திடம் பேசுவதற்கு. கேன்டீன் அக்காவை மிரட்டுவதற்கு இதை எடுத்தால் அன்றோடு உங்கள் கூட்டாளியை இழந்துவிடுவீர்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்று இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. ஊக்க பானம் என்று விற்கும் காஃபீன் பான டப்பாக்களில் ‘குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்று சின்ன எழுத்தில் போட்டே இருக்கும். அவற்றை மட்டும் மாற்று வரும்வரை காத்திருக்காமல் உடனே எடுத்துவிடலாம்.

4. முதல் மாற்றம் தண்ணீரும் பானமும்

ஏன் இது முதலில்? சமையலறையில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை, பலன் பெரிது. பெரும்பாலான கோலா பானங்களில் நூறு மில்லிக்குப் பத்து, பதினோரு கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லி பாட்டில் என்றால் ஐந்து தேக்கரண்டி.

கேன்டீன் பக்கத்தில் சுத்தமான குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று பள்ளிகளில் இரண்டில் குழாய் கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை கண்ணில் படுவது குளிரூட்டியில் அடுக்கிய பாட்டில்தான். குழாயைப் பக்கத்தில் கொண்டுவந்து, சங்கிலி கட்டிய டம்ளருக்குப் பதிலாக பாட்டில் நிரப்பும் உயரத்தில் இரண்டு திருகுக் குழாய் வைத்தார்கள். பாட்டில் பானம் வாங்குவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது.

அப்புறம் நீர்மோர். ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சமாக உப்பு. வெயில் மாதங்களில் ஐந்து ரூபாய்க்கு விற்றாலே கட்டுப்படியாகும். தண்ணீர் காய்ச்சி ஆறியதாகவோ சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும். ஐஸ் கட்டியை வெளியே வாங்கிப் போடாதீர்கள், அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது.

இங்கே வரும் தவறு, பாட்டிலை எடுத்துவிட்டு ரோஸ் மில்க் வைப்பது. சிரப் ஊற்றிய பாலில் சர்க்கரை ஒன்றும் குறைவதில்லை.

5. காலை இடைவேளைத் தீனி

பிள்ளைகள் அதிகம் வாங்குவது இங்கேதான். அதனால் அதிக நேரம் இதற்குக் கொடுங்கள்.

இடைவேளை பத்துப் பதினைந்து நிமிஷம்தான். நின்றுகொண்டோ நடந்துகொண்டோ சாப்பிட முடியாத எதுவும் விற்காது. தட்டில் வைத்து ஸ்பூன் கொடுத்த சுண்டல் முதல் நாள் எட்டுப் பேர்தான் வாங்கினார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி போட்டு ஓரமாக வைத்திருந்தோம், உள்ளே இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் அக்காவே ஒரு வேலை செய்தார். பெரிய தாம்பாளத்தில் சுண்டலைக் குவித்து, மேலே பொடியாக நறுக்கிய மாங்காயைத் தூவி, முன்வரிசையில் வைத்தார். பெல் அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினார். வாசனை ஆறாம் வகுப்பு ஜன்னல் வரை போயிற்று. அன்றைக்கு இரண்டு கிலோ சுண்டலும் பெல் அடித்த ஏழு நிமிஷத்தில் காலி. அன்றிலிருந்து தாளிப்பு நேரத்தை நாங்கள் மாற்றவே இல்லை.

செய்யும் வரிசை:

முதல் நாள் சாயங்காலம் கேன்டீனைப் பூட்டும் முன் பயறை ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்தில் இரண்டு மூன்று நாள் இதை மறந்துவிடுகிறார்கள், அந்த நாளில் பஜ்ஜி திரும்ப வந்துவிடுகிறது. பூட்டு தொங்கும் இடத்திலேயே ‘பயறு?’ என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

காலையில் குக்கரில் வேகவைத்து, வெந்த பிறகு உப்புச் சேருங்கள். தேங்காயைத் தாளிக்கும்போதே போடாதீர்கள். தேங்காய் சேர்ந்த சுண்டல் சீக்கிரம் ஊசிப்போகும். வேண்டுமென்றால் விற்கும் நேரத்தில் தூவுங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் விற்றுத் தீரும் அளவுதான் ஒரு ஈடு. மீந்ததை மதியத்துக்கு வைக்கக் கூடாது.

ஒரே பயறைத் தினமும் போட்டால் இரண்டாம் வாரமே சலித்துவிடும். எங்கள் பட்டியல்: திங்கள் கறுப்புக் கொண்டைக்கடலை, செவ்வாய் தட்டைப்பயறு, புதன் அவித்த வேர்க்கடலை, வியாழன் பச்சைப்பயறு, வெள்ளி சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தை மாசியில் பனங்கிழங்கு சேர்த்தோம். வேர்க்கடலை போடும் முன் யாருக்காவது அது ஒவ்வாமையா என்று வகுப்பாசிரியர்கள் மூலம் கேட்டு, பெயர்களை கேன்டீன் சுவரில் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள்.

பழம்: முழுக் கொய்யாவைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாங்குவதில்லை. நான்காக நறுக்கி மிளகாய்த்தூள் லேசாகத் தூவினால் வாங்குகிறார்கள். நறுக்கியது ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நறுக்கும் பலகை தனி, கத்தி தனி.

கட்டிக் கொடுக்க செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும், விதிப்படியும் கூடாது. தொன்னையோ வாழை இலைத் துண்டோ போதும். பிளாஸ்டிக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது.

சுண்டல் தொடர்ந்து மூன்று வாரம் மீதியில்லாமல் விற்றதும், சிப்ஸில் ஒரு வகையை நிறுத்துங்கள். ஒன்று மட்டும். அடுத்த மூன்று வாரத்தில் இன்னொன்று.

6. எண்ணெய்ச் சட்டி

வடையையும் சமோசாவையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் எண்ணெயைச் சரிசெய்யுங்கள். பண்டம் நிற்காவிட்டாலும் உடம்புக்கு ஆகும் கெடுதலில் ஒரு பகுதி அன்றே குறையும்.

காய்ந்த எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஆணையத்தின் வரம்பு. அளக்கக் கருவி உண்டு, ஆனால் கேன்டீனில் கண்ணும் மூக்குமே முக்கால்வாசி சொல்லிவிடும். நிறம் கறுத்து, பொரிக்கும்போது நுரை அடங்காமல் பொங்கி, சட்டி விளிம்பில் பிசுபிசுவென்று கோந்து மாதிரி ஒட்டினால் அந்த எண்ணெய் முடிந்தது.

சொன்னால் நடக்காது, சட்டியை மாற்றினால் நடக்கும். ஐந்து லிட்டர் பிடிக்கும் சட்டியில் மீதி எண்ணெய் எப்போதும் நிற்கும், அடுத்த நாளும் அதையே காயவைப்பார்கள். இரண்டு லிட்டர் சட்டிக்கு மாறினோம். பொரிப்பது செவ்வாயும் வெள்ளியும் மட்டும் என்று ஆக்கினோம். மீதி கொஞ்சமாக இருந்ததால் வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்பிலேயே தீர்ந்தது. பொரிக்காத நாட்களில் குழிப்பணியாரமும் இலைக் கொழுக்கட்டையும் வந்தன. கறுத்த எண்ணெயைத் தள்ளுவண்டிக்காரர்களுக்கு விற்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதையும் கேட்டு நிறுத்துங்கள்.

7. மதியச் சாப்பாடு

எவ்வளவு பருப்பு, எவ்வளவு காய் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அரசின் மதிய உணவுத் திட்டத்தில் 6 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, 7.5 கிராம் எண்ணெய். ஐந்தாம் வகுப்பு வரை 100, 20, 50, 5. ஆக, நூறு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்தால் மூன்று கிலோ பருப்பும் ஏழரை கிலோ காயும் அடுப்பில் ஏறியிருக்க வேண்டும்.

தராசை எடுத்துக்கொண்டு ஒரு காலை சமையலறைக்குப் போங்கள். எங்கள் பள்ளியில் நூறு பேர் சாம்பாருக்குப் போட்டது ஒன்றரை கிலோ பருப்பு. தண்ணீர் சாம்பாரைப் பிள்ளைகள் குறை சொன்னதன் காரணம் இதுதான்.

பருப்பை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் செலவு தாங்காது. வாரத்துக்கு அரை கிலோ கூட்டிக்கொண்டே போனோம். கூட்டும்போதே அரிசியைக் கொஞ்சம் குறைக்கலாம், கெட்டியான சாம்பார் இருந்தால் சோறு வழக்கத்தை விடக் குறைவாகத்தான் போகிறது.

காயைப் பொரியலாக ஓரத்தில் வைத்தால் ஆறிப்போய்த் தொட்டிக்குப் போகிறது. கூட்டாகச் செய்து சோற்றோடு பிசைய விட்டால் தீர்கிறது. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம் போடும் நாட்களில் கேரட், பீன்ஸ், பட்டாணியை அதிலேயே சேர்த்துவிடுங்கள். இட்லி மாவில் நாலு பங்குக்கு ஒரு பங்கு கேழ்வரகு மாவு கலந்தால் நிறம் மாறினாலும் மெத்தென்றே இருக்கும். பால் குடிக்காத பிள்ளைகளுக்கு இது சுண்ணாம்புச் சத்துக்கு நல்ல வழி, நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

கீரை போடும் நாளில் எலுமிச்சைத் துண்டு ஒன்று வைத்துக்கொடுங்கள். எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் நேர்மாறாக அது குறையும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மதியம் சோற்றை விட்டுவிட்டு டீயும் பிஸ்கட்டும் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் டீ போடாமல் இருக்க அக்கா ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய நிம்மதி. அவித்த முட்டையும் அந்த நேரத்தில் வைத்தோம், ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது.

8. உப்பும் சர்க்கரையும்: சொல்லாமல் குறையுங்கள்

இதை மட்டும் அறிவிக்காதீர்கள். ‘உப்புக் குறைத்த சாம்பார்’ என்று பலகை வைத்தால் சாப்பிடும் முன்பே சப்பென்று இருக்கிறது என்பார்கள். சமையல்காரர் கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தி ஒரே கரண்டியால் அளக்க வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். நாக்கு பழகிவிடும். ஊறுகாயும் அப்பளமும் தினமும் வேண்டாம், வாரம் ஒருநாள் போதும்.

9. வரிசையும் வைக்கும் இடமும்

சுண்டலுக்கும் பழத்துக்கும் தனி வரிசை விடுங்கள், அது வேகமாக நகர வேண்டும். சின்ன வகுப்புகளுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பெல் அடிக்க முடியுமா என்று கேளுங்கள். பெரிய பிள்ளைகளின் கூட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கை நீட்டிப் பண்டம் வாங்குவதற்குள் இடைவேளை முடிந்துவிடுகிறது. கையில் கிடைத்த பாக்கெட்டோடு அது ஓடுகிறது.

10. வாசலுக்கு வெளியே

உள்ளே பாதி மாறிய பிறகுதான் இந்தப் பக்கம் வர வேண்டும். முன்னாலேயே வந்தால் கடைக்காரர், “உள்ளேயே விக்கிறாங்களே?” என்பார், பதில் இருக்காது. 50 மீட்டர் விதியை நிர்வாகம் மூலமாகப் பேசுங்கள். எங்கள் வாசலில் தள்ளுவண்டி வைத்திருந்த பாட்டி நெல்லிக்காய், கொடுக்காப்புளி, அவித்த சோளத்துக்கு மாறிக்கொண்டார். அவரைத் துரத்தாமல் பேசிப் பார்த்ததில் கிடைத்தது அது.

11. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்

மூன்று மாதம் முடிந்ததும் முதல் வாரத்து நோட்டை எடுத்து அதே மூன்று விஷயத்தை மறுபடி ஒரு வாரம் குறியுங்கள். மொத்த வியாபாரம் குறையவில்லை என்றால் நிர்வாகத்திடம் காட்டுங்கள். குறைந்திருந்தால் எந்தப் பண்டத்தில் என்று பார்த்து அந்தப் படிக்குத் திரும்பிப் போங்கள்.

அப்புறம் மறந்துபோகிற ஒன்று. பல பள்ளிகளில் ஏப்ரல், மே மாதத்தில் கேன்டீனை மறுபடி குத்தகைக்கு விடுவார்கள். அதிக வாடகை கேட்கிறவருக்குத்தான் போகும். அந்த வாடகையை எடுக்க அவர் முதலில் கொண்டுவருவது பாக்கெட்டுகளையும் பாட்டில்களையும்தான். நான் கூட நின்ற ஒரு பள்ளியில் ஒரு வருட உழைப்பு இப்படி ஒரே கோடை விடுமுறையில் போனது. அதனால் மார்ச்சிலேயே நிர்வாகக் கூட்டத்தில் கேட்டு, ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: விற்கக்கூடிய பண்டங்களின் பட்டியல், வாரத்தில் எத்தனை நாள் பொரிக்கலாம், நூறு பேருக்கு எத்தனை கிலோ பருப்பும் காயும், பெற்றோர் குழு மாதம் ஒருமுறை சமையலறைக்குள் வந்து பார்க்கும் உரிமை. வாடகையையும் இந்தப் பட்டியலை வைத்து முதலிலேயே நிர்ணயித்துவிட்டு, யார் நன்றாகச் சமைக்கிறார் என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளி அப்படிச் செய்ததில் அந்த அக்காவே மறுபடி வந்தார், ஜூன் முதல் நாள் காலையில் பயறு ஊறியிருந்தது.